ஊர்க் கடிகாரம்

நம் வட்டத்தில் சாகசக் கதை என்றால் ஒரு முகச் சுளிப்பு உண்டு. விஞ்ஞானக் கதை என்றால் அது இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டும் சேர்ந்த ஒன்றை, அதாவது ஆயிரம் வருஷம் கழித்து ஏதோ ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தில் மனிதர்கள் குடியேறி, புயலோடும் பூர்வகுடிகளோடும் மல்லுக்கு நின்று, அடுத்த கப்பல் எப்போது வரும் என்று காத்திருக்கும் பழைய பாணிக் கதைகளை, கல்லூரி நாளிலிருந்து விடாமல் படித்துவருகிறேன் என்று சொன்னால், நண்பர்கள் அதை என் பலவீனங்களில் ஒன்றாக வைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அது பலவீனமாகத் தோன்றவில்லை. நேமத்தான்பட்டியில் பிறந்தவன் அந்தக் கதைகளை விஞ்ஞானக் கதைகளாகப் படிப்பதுதான் கஷ்டம். பெயர்களை மாற்றிவிட்டால் பாதிக்கு மேல் ஊர்க் கதை. மீதிப் பாதியில் ஊர் சொல்லாமல் விட்டது இருக்கிறது. இந்த இரண்டாம் பாதியைப் பற்றித்தான் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல நினைக்கிறேன்.

இந்தக் கதைகளின் உருவம் எளிமையானது. கப்பல் இறங்குகிறது. கிரகம் காலியாக இருக்கிறது, அல்லது காலியாக இருப்பதாக இறங்கியவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். நிலம் அளக்கப்படுகிறது, மலைக்கும் ஆற்றுக்கும் பெயர் வைக்கப்படுகிறது. முதல் அறுவடை பொய்க்கிறது. தாய்க் கிரகத்தோடு தொடர்பு அறுகிறது. கதாநாயகன் கையில் ஒரு கருவியும் மனதில் ஒரு பிடிவாதமுமாக எல்லையைத் தாண்டிப் போகிறான். அமெரிக்கன் தன்னுடைய மேற்கெல்லை நினைவை அப்படியே வானத்துக்கு ஏற்றிவிட்டான் என்று விமர்சகர்கள் சொல்லியாகிவிட்டது. சரியான பேச்சுத்தான். ஆனால் அவர்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: அந்தக் கப்பலுக்கு முதல் போட்டவன் யார்? எத்தனை வட்டிக்கு? வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

கேள்வியைக் கேட்ட ஒருவர் இருக்கிறார். அவர் கதாசிரியர் இல்லை. பால் க்ருக்மன் என்ற பொருளாதாரக்காரர் 1978-ல், இளம் ஆசிரியராக இருந்தபோது, நட்சத்திரங்களுக்கிடையே நடக்கும் வியாபாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாதி வேடிக்கையாக எழுதியது. 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்து, அதற்குப் பிறகு 2010-ல்தான் அது ஒரு பொருளாதாரச் சஞ்சிகையில் அச்சேறியது. அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் இது. ஒளியின் வேகத்தை ஒட்டிப் போகும் கப்பலில் காலம் மெதுவாக நகர்கிறது என்பது ஐன்ஸ்டைன் சொன்னது. கப்பல்காரனுக்குச் சில வருஷங்கள் கழிந்திருக்கும்போது கிரகத்தில் பல வருஷங்கள் போயிருக்கும். அப்படியானால் கப்பலில் ஏற்றிய சரக்கின் மேல் வட்டியை எந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுவது? கிரகத்துக் கடிகாரத்தைத்தான் என்கிறார் க்ருக்மன். அந்தப் பணம் கப்பலேறாமல் ஊரிலேயே கிடந்திருந்தால் ஊரில் வட்டி சம்பாதித்திருக்கும். இழப்பு ஊரில் நடக்கிறது, ஆகவே ஊர்க் கடிகாரம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் சமன்பாடு எதுவும் இல்லாமலே இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

செட்டிநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. நகரத்தார் தாங்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து குடியேறியதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆக எங்கள் ஊர்களே ஒரு குடியேற்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், குறிப்பாக 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்த பிறகு, இந்த வறண்ட சீமையிலிருந்து ஆண்கள் ஐராவதியின் கழிமுகத்துக்குப் போனார்கள். பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் எல்லாம் இதே வரைபடத்தில் வருபவை. இதற்குக் 'கொண்டுவிக்கப் போவது' என்று பெயர். போனது பெரும்பாலும் சரக்கை விற்க இல்லை. பணத்தைக் கடன் கொடுக்க. பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, பிறகு மேலாள் ஆவான். சம்பளச் சீட்டில் மூன்று வருஷம் என்று எழுதியிருக்கும். மூன்று வருஷம் முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வரலாம். பெண்சாதி பிள்ளைகளைப் பெரும்பாலும் கூட்டிப்போவதில்லை. ரங்கூனில் மொகல் தெருவில் மாதம் ஒரு முறை கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். 1929-30-ல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் கமிட்டி, அங்கே செட்டியார்களின் முதல் 75 கோடி ரூபாய் இருக்கும் என்று மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி.

இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-ல் ஒரே நாளில் மூன்று இடங்களில் கதவைத் திறந்தது: காரைக்குடி, சென்னை, ரங்கூன். பாங்கிப் பரீட்சைக்குப் படிக்கும்போது இதை ஒரு பொது அறிவுக் கேள்வியாக மனப்பாடம் செய்தேன். பிறகுதான், இதைவிடச் சுருக்கமாக அந்த உலகத்தின் வரைபடத்தை யாரும் வரைந்துவிட முடியாது என்று பட்டது.

எங்கள் பாட்டையா பெரிய முதலாளி இல்லை. கழிமுகத்து ஊர் ஒன்றில் இன்னொருவர் கடையில் அடுத்தாளாகத் தொடங்கி, பின்னால் சின்னப் பங்கு ஒன்று வாங்கியவர். எங்கள் வீடும் ஊரிலுள்ள பெரிய வீடுகளில் ஒன்றில்லை. முகப்பு, பட்டாலை, ஒரு வளவு, பின்னால் இரண்டாம் கட்டு, அவ்வளவுதான். அவர் போய்வந்த கணக்கு வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்: முதல் கணக்கு, இரண்டாம் கணக்கு, மூன்றாம் கணக்கு என்று, யுத்தத்தை எண்ணுவதுபோல எண்ணுவார்கள். அப்பத்தாவிடம் ஒரு முறை இந்த எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் மாமியாரை நினைத்துச் சொன்னாள்: "கப்பல்ல போனவுகளுக்கு மூணு வருசம்னு சீட்டுல எழுதியிருக்கும் தம்பி. வாசலப் பாத்துக்கிட்டு இருந்த எங்க மாமியாளுக்கு எத்தன வருசம்னு எந்தப் பேரேட்டுல எழுதியிருக்கு?"

அப்பத்தா க்ருக்மனைப் படித்தவள் இல்லை. ஆனால் சிக்கலை அவரைவிட ஒரு அடி மேலே கொண்டுபோய்விட்டாள். ஊர்க் கடிகாரத்தில் வட்டி ஓடுகிறது. அது பேரேட்டில் ஏறுகிறது. அதே கடிகாரத்தில் ஒரு பெண்ணின் வயதும் ஓடுகிறது. அது எங்கும் ஏறுவதில்லை. மேல்நாட்டு விஞ்ஞானக் கதைகளில் இந்தச் சோகம் அடிக்கடி வரும். நட்சத்திரத்துக்குப் போனவன் இளைஞனாகத் திரும்புகிறான். காதலித்தவள் கிழவியாக வாசலில் நிற்கிறாள். கதை எப்போதும் போனவனின் திகைப்பில் முடியும். நின்றவளின் முப்பது வருஷத்தை யாரும் பக்கம் பக்கமாக எழுதுவதில்லை. சாகசம் என்ற உருவத்துக்கே கப்பல் கடிகாரம்தான் தெரியும் போலிருக்கிறது.

இதுவரை இரண்டு கடிகாரங்கள் ஆயின. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அது இறங்கிய இடத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்.

வணிகனைக் கதாநாயகனாக்கிய விஞ்ஞானக் கதை என்று தேடினால் முதலில் அகப்படுவது ஐஸக் அஸிமோவின் 'ஃபவுண்டேஷன்' (புத்தகமாக வந்தது 1951). அதில் ஹோபர் மாலோ என்ற வியாபாரி ஒரு யுத்தத்தைச் சண்டையே போடாமல் ஜெயிக்கிறான். எதிரிக் கிரகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கருவிகள் நின்றுவிடுகின்றன, வீடுகளில் சாமான்கள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போகின்றன, ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள், யுத்தம் தானாகத் தேய்கிறது. கெட்டிக்காரத்தனமான கற்பனை. ஆனால் அதன் விசை முழுவதும் விற்பனையில் இருக்கிறது. விற்றவன் போய்விடலாம். கடன் கொடுத்தவன் போக முடியாது. அவன் அடுத்த அறுவடைக்கும் அதற்கடுத்ததற்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அஸிமோவின் வணிகனுக்கு வாங்குபவனின் முகம் தெரிந்தால் போதும். லேவாதேவிக்காரனுக்கு வாங்கியவனின் வயல், மாடு, மகள் கல்யாணம் எல்லாம் தெரிந்தாக வேண்டும். அந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தும், அந்த மனிதனைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்காமல் இருப்பது சாத்தியமாயிருக்கிறது. எங்கள் ஊரில் அதைத்தான் செய்திருக்கிறோம்.

வீட்டில் ஒரே ஒரு பேரேடு தப்பியிருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். தமிழ் மாதம், தமிழ் இலக்கம். 1930-களின் முதல் சில வருஷங்களுக்குரியது. மவுங், கோ, ஊ, மா என்று தொடங்கும் பர்மியப் பெயர்கள், தமிழ்க் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. பெயருக்கு நேரே ஊர், பற்று, வரவு, வட்டி. பாட்டையாவின் கையெழுத்து ரொம்ப அழகு. ஒரு அடித்தல் கிடையாது. வங்கிக்காரனுக்குப் பேரேடு படிப்பது கஷ்டமில்லை. நாவல்போல ஓடும். முதலில் வட்டி ஒழுங்காக வருகிறது. பிறகு தவணை தவறுகிறது. வட்டி முதலில் சேர்கிறது. பிறகு ஒரு நாள், அதே அழகான கையெழுத்தில், நிலம் கிரயம் ஆனதாக ஒரு வரி. அதற்கப்புறம் அந்தப் பெயர் வருவதில்லை. பக்கம் திரும்புகிறது, இன்னொரு பெயர், அதே வரிசை.

பேரேட்டுக்கு வெளியே நடந்தது சரித்திரப் புத்தகங்களில் இருக்கிறது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. அடமானத்தில் இருந்த நிலம் கடன் கொடுத்தவர்களிடம் வந்தது. கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் ஜில்லாக்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவிகிதம். 1937-ல் 25 சதவிகிதம். ஏழு வருஷத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பூமி கைமாறியது, ஒரு துப்பாக்கி வெடிக்காமல். செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேண்டியிருந்தது ரொக்கம். அவர்கள் தலைக்கு மேலே ஆங்கிலேய வங்கிகளின் கடன் இருந்தது. உழவனுக்கு மேலே செட்டியார், செட்டியாருக்கு மேலே வெள்ளைக்கார வங்கி. சின்னக் கோளின் கடிகாரத்தைப் பெரிய கோள் முடுக்கிக்கொண்டிருந்தது. இது நியாயம் சொல்வதற்காக இல்லை. கதை எழுதப் போகிறவனுக்கு இயந்திரம் எப்படி ஓடியது என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காக.

1930 டிசம்பரில் தாராவாடி ஜில்லாவில் சயா சான் என்ற நாட்டு வைத்தியர் தன்னை ராஜாவாக முடிசூட்டிக்கொண்டு கலகத்தைத் தொடங்கினார். வரியும், விலை வீழ்ச்சியும், நிலம் போனதும் அதற்குப் பின்னால் இருந்தன. பச்சை குத்திக்கொண்டால் குண்டு பாயாது என்று நம்பிய ஜனங்கள் அவர் பின்னால் போனார்கள். 1931 நவம்பரில் அவரைத் தூக்கில் போட்டார்கள். எங்கள் பேரேட்டில் அதே மாதங்களின் பக்கங்கள் இருக்கின்றன. கலகம் என்ற சொல் அதில் இல்லை. வரவு குறைந்திருக்கிறது.

அர்ஸுலா லெ க்வின் எழுதிய 'த வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்' (முதலில் வந்தது 1972-ல், தனிப் புத்தகமாக 1976-ல்) எனக்கு முக்கியமாகப் படுவது இங்கேதான். முழுக்கக் காடாக இருக்கும் ஒரு கிரகம். மரமே இல்லாமல் போன பூமியிலிருந்து மனிதர்கள் போய் அங்கே மரம் வெட்டிக் கப்பலில் அனுப்புகிறார்கள். பூமியில் மரம் பொன்னைவிட உயர்ந்த சரக்கு. அந்தக் காட்டின் சிறிய, பச்சை ரோமமுள்ள ஜனங்கள் அடிமைகளாக்கப்படுகிறார்கள். கனவு காணத் தெரிந்த அவர்களில் ஒருவன் எழுந்து கொலையைக் கற்றுக்கொள்கிறான், கற்பிக்கிறான். வியட்நாம் யுத்தத்தின் கோபத்தில் எழுதிய கதை என்று அமெரிக்கர்கள் படிப்பார்கள். நான் அதைப் படித்தது எங்கள் பட்டாலையில், பர்மாத் தேக்குத் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால் விரல் நுனிகள் தொடாத தூண். அந்த மரம் எந்தக் காட்டில் நின்றது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. கதையில் காட்டுக்காரர்களுக்காகப் பரிந்து பேசும் ஆராய்ச்சிக்காரனுக்கு ராஜ் லியுபோவ் என்று பெயர். அந்த ராஜ் என்ற பெயர் என்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்தது. நல்லவனாக இருப்பதற்கு நமக்கு அங்கே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்; மரத்தைப் பெற்றுக்கொண்டவர்களின் வரிசையில் நம்மை வைத்துப் பார்க்க லெ க்வினுக்கும் தோன்றவில்லை.

ராபர்ட் ஹைன்லைனுக்கு வேறு ஒன்று தோன்றியிருக்கிறது. 1966-ல் புத்தகமாக வந்த 'த மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்' நாவலில் நிலவு ஒரு கைதிக் குடியேற்றம். நிலவின் குகைகளில் விளைந்த கோதுமை பூமிக்கு எறியப்படுகிறது. அதைத் தின்பது முக்கியமாக இந்தியா. தானியத்தோடு நிலவின் தண்ணீரும் போய்க்கொண்டிருக்கிறது, சில வருஷத்தில் பட்டினி வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அங்கே கலகம் மூளுகிறது. ஹைன்லைனின் அரசியல் எனக்கு ஒவ்வாது. ஆனால் தானியக் கணக்கிலிருந்து கலகத்தைத் தொடங்கிய அந்த யதார்த்தம் பெரிய விஷயம். உண்மையில் நடந்ததோ இதைவிடக் குரூரம். யுத்தத்துக்கு முன்னால் பர்மா ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. அதில் பெரும் பங்கு இந்தியாவுக்கு வந்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமானது, அரிசி நின்றது. 1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. இது அவற்றில் ஒன்று. அந்த 1942-ல் லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அஸ்ஸாம் வழியாகவும் நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு கிடையாது. நம் மொழியில் எழுதத்தக்க சாகசம் ஒன்று உண்டென்றால் அது அந்த நடை. அதில் வெற்றி இல்லை, கொடி இல்லை. கையில் தூக்கி வந்த பெட்டி எங்கே கீழே வைக்கப்பட்டது என்பதுதான் கதை.

பர்மா சுதந்திரமடைந்த 1948-லேயே நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962-க்குப் பிறகு நெ வின் ஆட்சியில் வங்கிகளும் கடைகளும் போயின. 1964-ல் பெரிய நோட்டுகள் செல்லாமல் போயின. அந்த வருஷங்களில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களில் சிலருக்காக உண்டான காரைக்குடிப் பகுதிக்குப் பர்மா காலனி என்று பெயர்.

ரே பிராட்பரியின் 'த மார்ஷியன் க்ரானிக்கிள்ஸ்' (1950) புத்தகத்தில், பூமியில் யுத்தம் என்றதும் செவ்வாயில் குடியேறியவர்கள் கப்பலேறி ஊர் திரும்புகிறார்கள். செவ்வாயில் காலி ஊர்கள் கிடக்கின்றன. எங்களுக்கு இது தலைகீழாக நடந்திருக்கிறது. காலி ஊர் இங்கே, தாய்க் கிரகத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் பூட்டிய வீடுகளின் முகப்பில் ராணுவச் சிப்பாயும் லட்சுமியும் சுதையில் நிற்கிறார்கள். உள்ளே வருஷத்துக்கு ஒரு முறை படைப்புக்காக விளக்கு ஏற்றப்படுகிறது. எந்தக் கிரகம் காலனி, எது தாய் என்பது மாறிப்போய்விட்டது.

காலனி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் உழவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் அது மூன்று வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. சரித்திரப் பாடத்தில் வெள்ளைக்காரன் பிடித்த நாடு. நகரத்தில் ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்று ஒரே மாதிரி வீடுகளின் வரிசை. கிராமத்தில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். அங்கே அந்தச் சொல் யாரைக் குறித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வசைச்சொல்லாக ஆகிவிட்டதால் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். நான் ஒரு பழைய விஞ்ஞானக் கதையை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே இந்தச் சொல்லில் முட்டிக்கொண்டேன். 'குடியேற்றம்' என்று போட்டால் கதை சுத்தமாகிவிடுகிறது. யாரும் யாரையும் வெளியேற்றாத மாதிரி. 'காலனி' என்று போட்டால் வாசகன் மனதில் ஊருக்கு வெளியே ஒரு தெரு எழும்புகிறது. மூலத்தில் இல்லாத அந்தத் தெரு, மூலத்துக்கு மிக அவசியமானது என்று எனக்குப் பட்டது. கிரகத்தில் இறங்கும் ஒவ்வொரு கப்பலும் தன்னோடு ஒரு ஊரையும் ஒரு காலனியையும் சேர்த்தே கொண்டுபோகும். தமிழ்ச் சொல்லுக்கு இது தெரிந்திருக்கிறது. ஆங்கிலச் சொல் மறந்துவிட்டது.

இவ்வளவும் கையில் இருக்க, தமிழில் ஏன் அப்படி ஒரு நாவல் இல்லை? சுஜாதாவைச் சொல்வார்கள். 1980-களில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா' ஒரு தலைமுறைக்கு எதிர்காலம் என்ற ஒன்றைக் காட்டியது. ஜீனோ என்ற இயந்திர நாயை யாரும் மறக்கவில்லை. தமிழ் உரைநடையை வேகமாக்கியதில் அவருக்கு உள்ள பங்கை மறுப்பவன் நானில்லை. ஆனால் வாரப் பத்திரிகையின் அத்தியாயம் என்பதும் ஒரு கப்பல் கடிகாரம். அடுத்த வாரத்தை நோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்று, வாசலில் காத்திருப்பவள் பக்கம் திரும்ப அதற்கு அவகாசம் கிடையாது.

எனக்குத் தெரிந்து, தூரத்துக் குடியேற்றச் சாகசம் என்ற உருவத்துக்கு மிக அருகே வந்த தமிழ் நாவல் விஞ்ஞானக் கதையே இல்லை. எங்கள் பக்கத்து ஊரான சிங்கம்புணரியில் பிறந்து, 1938-ல் மேடானுக்குக் கப்பலேறி, யுத்தத்தை அங்கேயே பார்த்து, 1946-ல் திரும்பிவந்த ப. சிங்காரம் எழுதியது. 'கடலுக்கு அப்பால்' 1959-லும் 'புயலிலே ஒரு தோணி' 1972-லும் வெளிவந்தன. இரண்டாவது நாவலின் பாண்டியன், மேற்கத்திய சாகச நாயகன் செய்யும் எல்லாவற்றையும் செய்கிறான்: வேஷம், துப்பாக்கி, கடற்பயணம், எதிரி முகாம். ஆனால் அவன் மனம் நடுநடுவே சின்னமங்கலத்துச் சந்தைக்கும் மதுரைத் தெருக்களுக்கும் போய்விடுகிறது. கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் ஒரே வாக்கியத்துக்குள் ஓடுவதை அங்கேதான் முதலில் கேட்டேன். முதல் நாவலில் இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. ராணுவத்தில் சேர்ந்து திரும்பிய அடுத்தாளுக்கு முதலாளி தன் பெண்ணைக் கொடுக்க மறுக்கிறார். பட்டாளத்துக்காரனாகிவிட்டவன் லேவாதேவிக்கு ஆகமாட்டான் என்பது அவருடைய கணிப்பு. சாகசம் ஒருவனை வட்டிக்கடைக்கு லாயக்கில்லாதவனாக்கிவிடும் என்று சொன்ன நாவல் உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. மேல்நாட்டுக் கதையில் சாகசம்தான் பெண்ணைப் பெற்றுத் தரும்.

ஆனால் சிங்காரத்திலும் மூன்றாவது கடிகாரம் மையத்துக்கு வரவில்லை. கடன்பட்டு நிலத்தை விட்டுப்போன உழவன் அங்கே ஒரு பார்வையாக உருவாகவில்லை. அவரைக் குறை சொல்ல இல்லை. இரண்டு கடிகாரங்களை ஓடவிட்டதே பெரிய காரியம். அவருக்குப் பிறகு வந்த நாம் ஒன்றையும் சரியாக ஓடவிடவில்லை. செட்டிநாட்டைப் பற்றி எழுதினால் ஒன்று பெருமை, இல்லாவிட்டால் ஒப்பாரி. வீடு எவ்வளவு பெரியது, அல்லது வீடு எப்படி இடிகிறது. பேரேட்டின் எதிர்ப்பக்கம் திறக்கப்படுவதே இல்லை.

இது எனக்கு வெறும் இலக்கிய விவகாரமாக இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுக்கு இப்போது பங்காளிகள் பத்தொன்பது பேர். கூரையில் தண்ணீர் இறங்குகிறது. பராமரிக்க யாருக்கும் வசதியில்லை. தேக்குத் தூண்களையும் நிலைகளையும் கழற்றி விற்றுப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை வந்திருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் இப்படிக் கழன்றுவந்த வீடுகள் வரிசையாகச் சாத்தியிருப்பதைப் பார்க்கலாம். தூண், கதவு, பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி. வீட்டைப் பார்க்க வந்த வியாபாரி தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழைய கணக்குப் புத்தகம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஓட்டல்களில் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறார்களாம்.

பெரியப்பாவிடம் என் அபிப்பிராயத்தைச் சொல்லியிருக்கிறேன். தூண்கள் போகட்டும். அவை வந்த வழியிலேயே போகின்றன. அந்த மரத்தின் மேல் நமக்குள்ள பாத்தியதை அதை இறக்கிவைத்ததோடு சரி. பேரேட்டை மட்டும் கொடுக்க முடியாது. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "தூணுக்கு லட்சக் கணக்குல வெல சொல்றான், இந்தக் காயிதத்துக்கு ஏன்டா சண்டைக்கு நிக்கிற?" என்றார். சண்டை இன்னும் முடியவில்லை.

அவருக்கு நான் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். அந்தப் பெயர்கள் தமிழ் எழுத்தில் வேறு எங்கும் இல்லை. மவுங் என்றும் மா என்றும் தொடங்கும் அந்தப் பெயர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு நோட்டு நேமத்தான்பட்டியில் இருப்பது தெரியாது. தெரிந்தாலும் படிக்க முடியாது. படிக்கக் கூடியவன் நான்; எனக்குத் தொழிலே இதுதான். காலையில் கவுன்ட்டரில் ஒரு கிழவி சங்கிலியைக் கழற்றி வைக்கும்போது அதை நிறுத்து, மதிப்புப் போட்டு, சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். சீட்டில் எடை இருக்கிறது, வட்டி இருக்கிறது, தவணைத் தேதி இருக்கிறது. எதற்காகக் கழற்றினாள் என்பதற்குக் கட்டம் இல்லை. பாட்டையாவின் கையெழுத்தைவிட என் கையெழுத்து மோசம். மற்றபடி வித்தியாசம் அதிகம் இல்லை.

தமிழில் ஒருவன் தூரத்துக் கிரகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், வெள்ளைக்காரனின் கப்பலையும் துப்பாக்கியையும் கடன் வாங்க வேண்டிய அவசியம் அவனுக்கில்லை. கிரகம் நமக்குப் புதிதில்லை. நாம் அங்கே அடுத்தாளாகவும் மேலாளாகவும் கூலியாகவும் போயிருக்கிறோம், நிலத்தை வாங்கியிருக்கிறோம், துரத்தப்பட்டிருக்கிறோம், நடந்து வந்திருக்கிறோம், வந்த இடத்தில் ஒரு காலனியில் குடிவைக்கப்பட்டிருக்கிறோம். இவ்வளவு பக்கங்களிலிருந்தும் அந்தச் சொல்லை அனுபவித்த மொழி அதிகம் இருக்காது. வேண்டியது மூன்று கடிகாரங்களையும் ஒரே அறையில் மாட்டுகிற துணிச்சல். கப்பலேறியவனுடையது, வாசலில் நின்றவளுடையது, நிலத்தை விட்டு எழுந்து போனவனுடையது. மூன்றும் மூன்று நேரம் காட்டும். எதைத் திருத்தி எதோடு ஒன்றாக்கினாலும் நாவல் பொய்யாகிவிடும். எழுதக்கூடிய நண்பர்கள் நம்மில் இருக்கிறார்கள். பேரேட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் சண்டை முடிவதற்குள் ஊருக்கு வந்து போகலாம்.